இடப்பக்கத்து அடி

எங்கள் கட்டடத்து ஹாரிஸ், அதாவது காவலாளி, ஓர் எகிப்துக்காரர். வாசல் பூட்டுவது, தண்ணீர் மோட்டார் போடுவது, வாடகைக்கு வருகிறவர்களுக்கு வீடு காட்டுவது எல்லாம் அவர் வேலை. வளைகுடா ஊரான மங்காஃபில் நாங்கள் குடியிருந்த அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் பேஸ்மென்ட்டில், வெள்ளிக்கிழமை காலையில், நானும் என் கணவரும் ஆளுக்கொரு கட்டையை நீட்டிக்கொண்டு எதிரெதிரே நின்று கத்துவதைக் கண்டு முதல் நாள் மனுஷன் மிரண்டுபோனார். "மதாம், மாஃபி முஷ்கில்?", பிரச்சினை ஒன்றும் இல்லையே என்று என்னைத்தான் கேட்டார். என் கையில் இருந்தது வாள் மாதிரி வளைந்திருந்ததால் தப்பு என் பக்கம்தான் என்று முடிவுகட்டிவிட்டார் போலிருக்கிறது. அன்றைக்கு நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் கணக்கு சரிதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஒரு ஜப்பானியப் பெண் காய்ச்சல் கண்ட தன் மகனோடு எங்கள் வார்டில் ஒரு வாரம் தங்கினாள். என் வயதுதான் அவளுக்கும். அவள் கணவர் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். மகன் தேறிப் போன பிறகும் எனக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். தனியாகத் தடிப் பயிற்சி செய்து சலித்துவிட்டது, ஜோடி வேண்டும், வருகிறாயா என்று கேட்டாள். அவள் வீட்டு ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு எனக்கு ஜோ கற்றுக்கொடுத்தாள். ஜோ என்பது ஓக் மரத்தில் வழவழவென்று இழைத்த ஒரு தடி. தரையில் ஊன்றினால் என் அக்குளுக்கு வரும். ஊரில் சொன்னபோது எல்லோரும் "சிலம்பமா?" என்றார்கள். சுற்றுவது கிடையாது, ஆட்டம் கிடையாது, இரண்டு பேர் எதிரெதிரே நின்று குறித்துவைத்த ஏழெட்டு அசைவுகளை வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் என்றேன். "இதுக்கா ஃபாரின் போன?" என்றான் என் தம்பி.

அதில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கையில் மரவாள், இன்னொருவர் கையில் தடி. வாள் வெட்டும், தடி விலகித் தட்டிவிட்டுத் திருப்பிக் குத்தும். கடைசியில் ஜெயிப்பது எப்போதும் தடிதான். அதனால் கற்றுக்கொடுப்பவர்தான் வாளை எடுக்க வேண்டும். தெரிந்தவர் தோற்றுத் தோற்றுத்தான் தெரியாதவருக்குச் சொல்லித்தர முடியும். ஆனால் அந்தத் தோல்வி பொய்யாக இருக்கக் கூடாது. எதிராளி விலகாவிட்டால் நெற்றியில் படுகிற மாதிரிதான் வெட்ட வேண்டும். படுவதற்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் காயம் பட்டுவிடுமே என்று பயந்து அவள் ஒருநாளும் தள்ளி வெட்டியதில்லை. பின்னால் வாள் என் கைக்கு வந்தபோது, நான் பயந்து அவளைத் தள்ளி வெட்டிய அன்று வாளை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். நான் நிற்கிற இடத்தில் அடி, நான் இல்லாத இடத்தில் அடித்தால் எனக்கு என்ன தெரியும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கோபித்தாள். நான்கு வருடம் கழித்து அவர்கள் ஊர் திரும்பினார்கள். இரண்டு தடிகளையும் மரவாளையும் எனக்கு விட்டுவிட்டுப் போனாள்.

மகளை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கத் திருநெல்வேலிக்கு அனுப்பிய பிறகு வீடு வெறிச்சோடிவிட்டது. என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். டியூட்டி முடிந்து வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஒரு வெள்ளிக்கிழமை நான்தான் வலுக்கட்டாயமாகப் பேஸ்மென்ட்டுக்கு இழுத்துப்போய்த் தடியைக் கையில் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. மூன்றாவது வாரம் என்னை எழுப்பியது அவர்தான். "பொண்டாட்டிகிட்ட ஜெயிக்கிற ஒரே எடம் இதுதான்ளா, எந்திரி" என்பார். அதைப் பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு வருடம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு கோடை முடிகிற நேரத்தில், அவருக்கு இடப்பக்கமாகச் சரிந்து வரும் வெட்டுக்கு விலகத் தாமதமாவதைப் பார்த்தேன். நைட் டியூட்டி களைப்பு என்று நினைத்தேன். வீட்டிலும் இடது கைப்பக்கம் வைத்த சாயா டம்ளரைத் தட்டிவிட்டார், கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். "கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்று கேலிகூடச் செய்தேன். அடுத்த வாரம் பேஸ்மென்ட்டில் அதே வெட்டை இறக்கினேன். அவர் அசையவே இல்லை. அவருடைய இடது காதுக்கு ஒரு விரல்கடையில் வாளை நிறுத்திவிட்டு நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்து, வெட்டு இன்னும் வரவில்லை என்று காத்துக்கொண்டு, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், நர்ஸாக இருந்துகொண்டு என்னிடமே சொல்லிக்கொள்ள முடியாது. நான் வாளைச் சத்தமில்லாமல் பின்னால் இழுத்து, நேராக நடு நெற்றிக்கு இன்னொரு முறை வெட்டினேன். அழகாக விலகித் தட்டிவிட்டார். "பாத்தியா" என்றார்.

அதற்குப் பிறகு நான் இடப்பக்கம் வெட்டவே இல்லை.

ஏன் என்று என்னையே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கண் டாக்டரிடம் போனால் பேப்பரில் ஏறும், பேப்பரில் ஏறினால் கிரேன் போகும், கிரேன் போனால் விசா போகும் என்று பயந்தேன். அது ஒரு காரணம். கம்பெனி மெடிக்கலில் சுவரில் இருக்கும் எழுத்துகளை அவர் கடகடவென்று படித்துவிட்டு வந்தார். நேர்ப் பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று அதைப் பிடித்துக்கொண்டேன். லீவுக்குப் போகும்போது ஊரில் காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். லீவு வந்தது, கோயில் திருவிழா, ஒரு கல்யாணம், ஒரு சாவு என்று முடிந்தும் போனது. இதெல்லாம் போக, வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவர் முகம் மலர்ந்திருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனது வரவில்லை. அந்த நாட்களில் அவருடைய கிரேன் கொக்கிக்கு இடப்பக்கமாக நடந்துபோன ஆட்களை இப்போதும் நடு ராத்திரியில் எண்ணிக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது கடவுள் செயல், அதில் என் யோக்கியதை ஒன்றுமில்லை.

இதற்கிடையில் என் ஆஸ்பத்திரி நர்ஸுகள் மூன்று பேர் கற்றுக்கொள்ள வந்தார்கள். அதில் ஒருத்தி யாழ்ப்பாணத்துக்காரி, நல்ல கை. ஒன்றரை வருடத்தில் வாள் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். நான் கற்றதை அப்படியே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நிற்கிற இடத்தில் வெட்டு, இரக்கப்படாதே என்று அவளிடம் சொன்னது இந்த வாய்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னை மாற்ற வேண்டியவள் வரவில்லை, டியூட்டி நீண்டுவிட்டது. நீங்கள் ஆரம்பியுங்கள், நான் வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னேன். வாளை யார் எடுப்பார்கள் என்று யோசிக்கவில்லை. அரை மணி நேரத்தில் அந்த யாழ்ப்பாணத்துக்காரியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அண்ணைக்கு அடி பட்டிட்டுது. ரத்தம் வருது. நான் இடப்பக்கத்தாலதான் வெட்டினனான். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நிண்டவர், விலகவே இல்லை. எனக்கு நிப்பாட்ட ஏலாமப் போச்சு அக்கா."

எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்தார்கள். இடது புருவத்துக்கு மேல் நான்கு தையல். ஏன் விலகவில்லை என்று எமர்ஜென்சி டாக்டர் கேட்டதற்கு, "பாக்கல" என்றார் என் கணவர். டாக்டர் தன் விரலை ஓரத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கண் பிரிவுக்கு அனுப்பினார். கண் அழுத்தம் கூடி நரம்பு கருகியிருந்தது. இடது கண்ணில் ஓரப் பார்வை பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. ஓசைப்படாமல் வருகிற நோய், வலிக்காது, வந்தவருக்கே தெரியாது என்றார் கண் டாக்டர். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே நிறுத்தியிருக்கலாம், போனது இனித் திரும்பாது என்றும் சொன்னார். நான் அவர் மேஜையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, தலையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"ஏளா, நீ எனக்கு இடப்பக்கம் வெட்டி எத்தன நாளாச்சு?"

"நெனப்பில்லங்க."

"நெனப்பிருக்கும்."

"ரெண்டு வருசம் இருக்கும்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் நல்லா ஆடுதேன்னுல்லா நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த யாழ்ப்பாணத்துப் பெண் அதற்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கே போய், நீ ஒருத்திதான் அவருக்குச் சரியாகச் செய்தாய், உன் அடியால்தான் மிச்சக் கண் பிழைக்கும் என்று சொன்னேன். அவள் அழுகையை நிறுத்தவில்லை. நான் எதற்காக அங்கே போனேன், அவளைத் தேற்றவா என்னைத் தேற்றிக்கொள்ளவா என்று திரும்பி வரும் வழியில் எனக்கே விளங்கவில்லை.

கம்பெனி விசாவை ரத்து செய்து டிக்கெட் கொடுத்தது. மகள் படிப்பு முடியும்வரை நான் இங்கே இருந்தாக வேண்டும். இரவு சொட்டு மருந்தை யார் விடுவார்கள் என்று கேட்டேன், என் கை என்ன கண்ணா, வேலை செய்யாமல் போக என்றார். பெட்டி கட்டி முடித்த பிறகு, கடைசி வெள்ளிக்கிழமை காலையில் அவராகவே இரண்டு கட்டைகளையும் எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டுக்கு நடந்தார். ஹாரிஸ் எழுந்து லைட்டைப் போட்டுவிட்டுப் போனார்.

எதிரெதிரே நின்று குனிந்து வணங்கினோம். தடியைத் தாழ்த்திப் பிடித்தார்.

"இடப்பக்கம் வெட்டு."

"வேண்டாங்க."

"வெட்டுளா. தள்ளி வெட்டாத."

நான் அடி வைத்து, கத்தி, அவர் நிற்கிற இடத்திலேயே வெட்டினேன். காதுக்கு ஒரு விரல்கடையில் நிறுத்தினேன். அவர் அசையவில்லை. கத்தல் அடங்கிய பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டா?"

"வந்துட்டு. காதுகிட்ட நிக்குது."

தடியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இடது கையை மெதுவாகத் தூக்கினார். காற்றில் இரண்டு முறை துழாவி, மூன்றாவது முறை மரவாளைத் தொட்டார். விரல்களை மூடி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ளா" என்றார்.