சின்னையா அண்ணன் எடுத்த கயிறு

கைபேசியில் சின்னையா அண்ணன் என்று பெயர் விழுந்தபோது காலை பத்து மணி இருக்கும். கொட்டகலையில் பனி இன்னும் கலையவில்லை. வழக்கம்போல், "என்னண்ணே, இன்னைக்கு எந்தக் கயிறு அறுந்துச்சு?" என்று கேட்டேன். மறுபக்கமிருந்து படகின் வயிற்றில் தண்ணீர் மெல்லத் தட்டுவதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகுதான் அவர் மனைவி லெட்சுமி அண்ணியின் குரல் வந்தது. "ஸ்டோரம்மா, அண்ணன் போயிட்டாரும்மா. பிளேன்டீ குடிச்சிட்டு உக்காந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு."

அண்ணி பேசியது மேலே தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குள்ளிருந்து. அங்கிருந்து படகு நிற்கும் நீர்த்தேக்கத்துக்கு அரை மணி நேரம் இறங்க வேண்டும். நான் கேட்டது என்ன சத்தம் என்று யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் அழுத அழுகையில் காது அடைத்திருக்கும் என்பார்கள். நான் அப்போது அழ ஆரம்பிக்கவே இல்லை.

பங்களாவில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவரைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மஸ்கெலியாவுக்கும் நல்லதண்ணிக்கும் இடையில், பழைய ஊர் மூழ்கிக் கிடக்கும் நீர்த்தேக்கத்தின் கரையில், வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று விருந்தினர் விடுதியாக நடக்கிறது. நான் அங்கே பதினெட்டு வருடம் ஸ்டோர் பார்த்தேன். அண்ணன் முன்பு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்தவர். பிறகு விடுதியின் சின்னப் பாய்ப்படகு அவர் பொறுப்புக்கு வந்தது. அரிசி முதல் ஆணி வரை என் சாவிக்குள் இருந்ததால் எல்லோருக்கும் என்னிடம் பயம். அவருக்கு மட்டும் இல்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன் படகின் கயிறுகள் எல்லாம் நைந்துபோயிருந்தன. சீசனுக்கு முன் மாற்றச் சொல்லி விடுதியை நடத்தும் துரை உத்தரவு போட்டார். கயிறு வாங்க இரண்டு பேர் எதற்கு என்று நான் முணுமுணுத்துக்கொண்டே அவரோடு ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன். கடையில் மாட்டுக்குக் கட்டும் தும்புக் கயிறும், கூடாரம் இழுக்கும் நீலப் பிளாஸ்டிக் கயிறும்தான் இருந்தன. நீலக் கயிற்றில் முப்பது யார் நீளம் வெட்டச் சொன்னேன். அண்ணன் கடைக்காரரின் கத்தியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கயிறு இரண்டு வெயிலில் பொடியாகிவிடும் என்று சொல்லி, ஒரு முனையை நகத்தால் சுரண்டி, உதிர்ந்த தூளை என் உள்ளங்கையில் போட்டார்.

பிறகு அவர் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "மூணு வேலைக்கு மூணு கயிறும்மா. பாய மேல ஏத்துறது நீளக் கூடாது. கையில புடிக்கிறது உறுத்தக் கூடாது. கரையில கட்டுறது கொஞ்சம் இழுபட்டுக் குடுக்கணும். மூணையும் ஒரே கயித்துல கேட்டா எந்தக் கடையிலயும் கிடைக்காது." கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, மூன்று விதமாக வாங்கினால் துரைக்கு யார் பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கடைக்காரர் நீர்கொழும்பில் மீன்பிடிச் சாமான் விற்கும் ஒருவரிடம் சொல்லி, இரண்டு வாரம் கழித்து மூன்றையும் வரவழைத்தார். அண்ணன் ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு கைமேல் கையாக ஓடவிட்டுப் பார்த்தார். பாய் ஏற்ற மெல்லிய பொலியஸ்டர். அது பாய்மரத்து உச்சியில் இருந்த கப்பிக்குள் சரியாக ஓட வேண்டுமென்று பழைய கப்பியையே கழற்றிக் கொண்டுவந்திருந்தார். கையில் பிடிக்க, பருமனாக மெத்தென்று ஒன்று. கரையில் கட்ட, வெள்ளை நைலோன் முறுக்குக் கயிறு. அதன் ஒரு புரியில் மட்டும் நீல நூல் ஓடியது. நான் சொல்லப்போவது இந்த மூன்றாவது கயிற்றைப் பற்றி.

கயிறு ஸ்டோருக்கு வந்த இரண்டாம் நாள், மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மாரியாயியைக் குளவி கொட்டிக் கொன்றது. அடைமழையில் அடக்கம் வைத்தார்கள். பெட்டி இறக்க ஒரு பக்கத்துக்குத்தான் கயிறு இருந்தது, மறுபக்கத்துக்கு இல்லை. ஆண்கள் ஸ்டோருக்கு ஓடிவந்தார்கள். அன்று அண்ணன் லீவு. நான் நீலநூல் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததில் தப்பில்லை, இன்று கேட்டாலும் கொடுப்பேன்.

எங்கள் தோட்டத்தில் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. குழியில் இறக்கும் முன் பிணத்தின் கால் கட்டு, கைக் கட்டு எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார்கள். இறக்கும் கயிற்றிலும் ஒரு முடிச்சு இருக்கக் கூடாது. இறக்கி முடித்ததும் கயிற்றைத் தலைமாட்டு மண்ணிலேயே போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அது அங்கேயே கிடந்து மக்க வேண்டும், வீடு திரும்பக் கூடாது. இது தெரியாதவள் இல்லை நான். ஆனால் மறுநாள் துரை படகுக் கயிறு வந்ததா என்று கேட்டார். சனிக்கிழமை விருந்தினர் வருகிறார்கள். இன்னொரு கயிறுக்கு இன்னும் இரண்டு வாரம் என்று எப்படிச் சொல்வது? பெண்கள் கால் வைக்காத மயானத்துக்கு ஏறிப்போய், கயிற்றை எடுத்து, சாக்கில் சுருட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கசக்கி, ஸ்டோருக்குள் காயவைத்து, சுருட்டிப் பழையபடி கட்டி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து கயிற்றைக் கையில் வாங்கினார். கண்ணை மூடி இரண்டு கைவிரிப்பு நீளம் ஓடவிட்டார். கை நின்றது. "ஸ்டோரம்மா, புதுக் கயித்துல சவுக்கார வாசம் வருதே" என்றார். பக்கத்தில் சவுக்காரப் பெட்டி இருந்தது, கூரை ஒழுகியது என்று கூசாமல் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரிங்கம்மா" என்றார். பிறகு கயிற்றை ஒரு வாரம் வெயில் காட்ட வேண்டும் என்று வீட்டுக்கு எடுத்துப் போனார். அந்தச் சனிக்கிழமை விருந்தினருக்குக் காற்று சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தார். காற்று நன்றாகவே அடித்தது. அடுத்த வாரம் படகு, நீல நூல் ஓடும் கயிற்றில் துறையோரத்து முளையில் கட்டியிருந்தது.

அதிலிருந்துதான் முடிச்சு அவிழத் தொடங்கியது. சாயந்தரம் அண்ணன் இறுக்கிக் கட்டிவிட்டுப் போவார். காலையில் முளை வெறுமனே நிற்கும். ஆனால் படகு எங்கும் போயிருக்காது. காற்று மலையிலிருந்து இறங்கி அடித்தாலும், யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல அதே இடத்தில் நிற்கும். இரவுக் காவல் பார்க்கும் வாச்சர் முதலில் துறைக்கு வருவதை நிறுத்தினார். அண்ணன் தினமும் காலையில் மறுபடி கட்டினார்.

ஒரு மாசி மாத மதியம். தண்ணீர் வற்றி, மூழ்கிய கோயிலின் உச்சி வெளியே தெரிந்த நாட்கள். விருந்தினர் விட்டுப்போன காலிப் பாட்டில்களை எண்ண நான் துறைக்கு இறங்கினேன். பனி தண்ணீர்மேல் தரையில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தது. முளையில் முடிச்சு இல்லை. கயிற்றின் முனை தண்ணீருக்குள் போயிருந்தது. மிதந்து கிடக்கவில்லை, விறைப்பாக நேரே கீழே இறங்கியிருந்தது. குனிந்து இழுத்தேன். வந்தது. ஆனால் உடனே வரவில்லை. முதலில் அந்தப் பக்கம் கொஞ்சம் இழுபட்டது, பிறகுதான் விட்டது. பின்னாலிருந்து அண்ணனின் குரல் மெதுவாகக் கேட்டது. "இழுக்காதீங்கம்மா. அவங்களாவே விடுவாங்க."

யார் என்று கேட்டேன். அவர் கயிற்றை என் கையிலிருந்து வாங்கி, புது நைலோன் வழுக்கும், அடியில் பழைய சுவர்கள் இருக்கின்றன, எதிலாவது மாட்டியிருக்கும் என்றார். மேலே ஏறும்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். எங்கிருந்து கிளம்பினாலும், கறிக்கடையாக இருந்தாலும், "போயிட்டு வாறேன்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் புறப்படுகிற மனிதர் அவர். படகுத்துறையை விட்டு வரும்போது மட்டும் எதுவும் சொல்லாமல் திரும்பி நடப்பார். நாம் சாவு வீட்டிலிருந்து அப்படித்தான் வருவோம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய், நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் அவர் படகில் தனியாகப் போகும் ஒவ்வொரு தரமும் திரும்பி வரும்வரை ஸ்டோர் ஜன்னலில் நின்றேன். மாரியாயியின் கயிற்றை இந்த மனிதர் கையில் கொடுத்தவள் நான். அவருக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான். இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன். ஒரு முறை அவருக்குக் காய்ச்சல் வந்தபோது, கஞ்சியோடு வீட்டுக்குப் போய், சொல்லாமல் பாத்திரத்தோடு திரும்பினேன். மறுமுறை நான் ஓய்வு பெற்றுக் கிளம்பிய நாள். பஸ் நிறுத்தத்தில் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணே, அந்தக் கயிறு" என்று தொடங்கினேன். "பஸ் வந்திருச்சும்மா" என்றார். அது வளைவில்கூடத் தெரியவில்லை.

செய்தி வந்த அன்று ஹட்டனில் பஸ் மாறி, மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். நடுவீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். கயிறு பிடித்துக் காய்த்த கைகள் மார்பின்மேல் கட்டியிருந்தன. அவர் தண்ணீரில் போகவில்லை, வீட்டில் அண்ணி போட்ட தேநீர் குடித்துவிட்டுப் போனார். அதில் ஓர் ஆறுதல் தேடினேன், கிடைக்கவில்லை. மறுநாள் பெட்டி எடுக்கும் நேரம் ஆண்களில் ஒருவர் இறக்குவதற்குக் கயிறு கேட்டார்.

லெட்சுமி அண்ணி உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். வெளியே எடுத்தது நீல நூல் ஓடும் வெள்ளைக் கயிறு. இரண்டு துண்டாக வெட்டி, நான்கு முனைகளையும் நெருப்பில் உருக்கி, ஒரு முடிச்சும் இல்லாமல் சுருட்டி வைத்திருந்தது. முறுக்குக்குள் மயானத்துச் செம்மண் இன்னும் இருந்தது. எவ்வளவு கசக்கியும் எனக்குப் போகாத மண்.

"இது படகுல தானே அண்ணி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. இது ஒருநாளும் படகுக்குப் போகல. நீங்க குடுத்த வாரமே ஹட்டனுக்குப் போயி, கடையில மிச்சம் கெடந்ததுல இதே மாதிரி எடுத்துட்டு வந்துட்டாரு. இத பொட்டியில வச்சாரு. மாரியாயிய எறக்குன கயிறு, திரும்பிப் போக வேண்டிய கயிறு, நான் போறப்ப எடுத்துட்டுப் போறேன்னாரு. ஸ்டோரம்மாகிட்ட சொல்லாத, பாவம், பயந்துக்குவாங்கன்னாரு."

அப்போதுதான் நான் அழுதேன். ஒன்பது வருடம் அவருக்காக நான் பயந்துகொண்டிருந்தேன். என் தப்பைத் தன் சாவு வரைக்கும் எடுத்து வைத்திருந்து, சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க அவர் காத்திருந்தார். அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை போலும். கயிறு இரண்டு ஆண்களின் தோளில் வளைவைத் தாண்டிப் போனது. பெண்கள் அங்கேயே நின்றோம். இந்தத் தடவை அதை யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது. மாரியாயியின் கயிறு பெட்டிக்குள் இருந்ததென்றால், படகில் அவிழ்ந்துகொண்டிருந்தது எது? வழுக்கும் புதுக் கயிறு என்று சொல்லலாம். ஒன்பது வருடம் எந்தக் கயிறும் புதிதாக இருப்பதில்லை.

ஆண்கள் மயானத்தில் இருக்கும்போது நான் துறைக்கு இறங்கினேன். வாச்சர் அங்கே நின்றுகொண்டிருந்தார், பல வருடத்துக்குப் பிறகு. காற்று பலக்கும் முன் படகைக் கரையேற்றச் சொல்லி துரை அனுப்பியிருந்தார். காலையிலிருந்து முயன்றும் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை என்றார். பார்த்தேன். அண்ணன் கடைசியாகக் கட்டிய முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. ஆணியை விட்டு நெம்பினோம், அசையவில்லை. கடைசியில் வாச்சர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் இருபுறமும் வெட்டினார். முடிச்சை நான் எடுத்துக்கொண்டேன்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான். அதோடு, எதைக் கட்டினாலும் ஒருமுறை இழுத்துப் பார்க்கிற பழக்கம். ஒருவருடைய தப்பைத் தெரிந்துகொண்டே "சரிங்கம்மா" என்று சொல்லக்கூடிய மனசு மட்டும் இன்னும் வரவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன். முடிச்சு கொட்டகலையில் என் வீட்டு வாசல் நிலைக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்குகிறது. அவிழவில்லை. இந்த மாதம் இங்கே மழையும் இல்லை. வெளியே கிளம்பும்போது அதை ஒருமுறை தொட்டுவிட்டு, போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் கதவைச் சாத்துகிறேன். விரல் நுனியில் எப்போதும் ஈரம் இருக்கிறது.