பெரிய கிராணி அழித்தது

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றின் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. தொழிலாளர் லயத்தில் பிறந்து அந்த ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். ரவாங் டவுன் கடையிலிருந்து வந்த கணினியை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

ஆபீசுக்குத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். அவர் கார் சத்தம் கேட்டாலே லயத்துப் பிள்ளைகள் விளையாட்டை விட்டு உள்ளே ஓடுவோம்.

ஒருநாள் காலை நான் போனபோது அவர் என் நாற்காலியில் இருந்தார். முகம் வெளுத்திருந்தது. திரையில் ஒரே ஓர் ஆங்கில வரி: சிஸ்டத்தின் முக்கியமான கோப்பைக் காணவில்லை. எந்த விசையைத் தட்டினாலும் அந்த வரி நகரவில்லை.

"வேண்டாத ஃபைல் நெறைய கெடக்கேன்னு நான்தாம்மா அழிச்சேன். ஆஃப் பண்ணிப் போட்டா வரமாட்டேங்குது."

என்னை அவர் 'அம்மா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. திரையைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அந்த மாதம் யார் யார் வேலைக்குப் போனார்கள் என்ற கணக்கு முழுதும் அதற்குள் இருந்தது. என் அப்பா, அம்மா கணக்கும்தான். இனி தாளில் எழுத வேண்டாம் என்று தோட்டத்து மானேஜரான தொரை நிறுத்திவிட்டார். மறுநாள் அதைப் பார்க்க வருவதாகவும் சொல்லியிருந்தார்.

ரவாங் கடைக்குப் போன் போட்டேன். சிஸ்டத்தை உள்ளே ஏற்றித்தான் விற்பார்களாம், தனி டிஸ்க் தரமாட்டார்களாம். கொண்டுவந்தால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றித் தருவார்களாம். துடைத்தால் கணக்கும் போய்விடும்.

பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டத்திலும் அதே கடையின் கணினி இருந்தது. அங்கிருந்து சிஸ்டத்தைப் பிரதி எடுத்து வரலாம் என்று பெரிய கிராணி காரை எடுத்தார். வெறும் டிஸ்க் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாதி வழியில், "வேல போனா வீடும் போயிரும்," என்றார். அவர் பங்களாவும் தோட்டத்து வீடுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஆபீசில் டைப்பிஸ்ட் அக்கா ஒருவர் இருந்தார். "எங்க சிஸ்டத்த இந்த டிஸ்க்ல ஏத்திக்கலாம்லா. ஆனா டிஸ்குக்கு 'ஏ' அடிக்கிற எடத்துல, கணினிக்குள்ள இருக்கிற 'சி'ய அடிச்சிட்டா எங்க கணக்கும் போயிரும். நீயே அடி, எனக்குப் பயமா இருக்கு," என்று எழுந்துகொண்டார்.

அடித்தேன். பெரிய கிராணி ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். "சரியா இருக்கு," என்ற பிறகும் கடைசி விசையை அழுத்த என் விரல் மறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

திரும்பி வந்து, டிஸ்கைச் செருகிக் கணினியைப் போட்டேன். அது விழித்துக்கொண்டது. உள்ளே தேடினேன். அவர் அழித்தது வெளியில் கிடந்த கோப்புகளை மட்டும்தான். கணக்கு இருந்த பகுதி அப்படியே இருந்தது. காணாமல் போன கோப்பை டிஸ்கிலிருந்து பிரதி எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். டிஸ்கை உருவிவிட்டு, கணினியை அணைத்து மறுபடி போட்டேன். உள்ளே கரகரவென்று ஏதோ சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. பிறகு 'சி' என்ற எழுத்து வந்து நின்றது; டிஸ்க் இல்லாமலே கணினி எழுந்துவிட்டது.

பெரிய கிராணி விறுவிறுவென்று பின்பக்கம் போனார். அவர் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் தொரை வந்தார், பார்த்தார், போனார். ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அடுத்த வாரமே ஒரு கூட்டல் பிழைக்காகப் பெரிய கிராணி எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். தலை குனிந்துதான் நின்றேன். ஆனால் பழைய பயம் வரவில்லை. அதற்குப் பதிலாக அவர்மேல் ஏதோ இரக்கம் வந்தது.