முட்டையிடாமல் திரும்பிய வாத்துகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மொன்ட்ரியாலில் ஒரு பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வுப் பிரிவில் எனக்குத் தட்டச்சு வேலை. யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்தவளுக்கு இங்கே வாய்த்தது அதுதான். கோடையில் வடதுருவக் கரைக்குப் போகிறவர்கள், பென்சிலால் எழுதிய குறிப்பேடுகளைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டுவார்கள். அங்கே வெண்ணிறக் காட்டு வாத்துகள் எத்தனை முட்டை இட்டன, எத்தனை பொரித்தன என்பதைக் கணினியில் ஏற்ற வேண்டும்.

அதற்கு ஒரு விதி உண்டு. கூட்டைப் போய்ப் பார்த்து முட்டை இல்லையென்றால் பூச்சியம். போய்ப் பார்க்கவே இல்லையென்றால் வெறுங்கோடு. படித்த திமிரில் நான் யாரையும் கேட்காமல் முதல் மாதக் கோடுகளையெல்லாம் பூச்சியமாக்கி வைத்திருந்தேன். நரைத்த தலை ஆய்வாளர் அம்மா கோபிக்கவில்லை. “தெரியாது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல” என்று சொல்லி, ஒரு வாரம் பக்கத்தில் இருந்து திருத்த உதவினார்.

அந்த வருடம் கோடை கோடையாகவே இல்லை. ஆடி மாதத்திலும் ஸ்வெட்டரோடு பஸ்ஸுக்கு நின்றேன். வடக்கிலிருந்து வந்த ஏடுகளில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி: பனி உருகவில்லை. வாத்துகள் வந்து, உறைந்த நிலத்தில் காத்து நின்றனவாம். பனி விலகிய துண்டு நிலம் கிடைத்த சில மட்டும் பிந்தி ஒன்றிரண்டு முட்டை இட்டன.

“மற்றதெல்லாம்?” என்று கேட்டேன்.

“உருவாகத் தொடங்கிய முட்டையை உடம்பே திரும்பக் கரைத்துக்கொள்ளும். நெடுநாள் வாழும் பறவை. அதற்கு அடுத்த வருடம் இருக்கிறது” என்றார் ஆய்வாளர்.

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வருடம் என்பது எங்கள் வீட்டுச் சொல். தங்கைகளைக் கரைசேர்க்காமல் அண்ணன் கல்யாணம் கட்டுவதே எங்கள் பக்கத்தில் குறை. என் கணவருக்கு மூன்று தங்கைகள், மூவரும் ஊரில் யுத்தத்துக்குள் இருந்தார்கள். கல்யாணம் கட்டிய குறைக்கு ஈடாக அவர் பிள்ளையைத் தள்ளிப்போட்டார். நானும் தலையாட்டினேன். இதற்குள் இருவர் இங்கே வந்துவிட்டார்கள், கடைசித் தங்கை மிச்சம்.

அன்று சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். “இஞ்சேருங்கோ, எனக்கு முப்பத்தைஞ்சு. இனியும் பொறுக்க ஏலாது.”

“கடைசியும் வந்து சேரட்டுமப்பா. அடுத்த வருசம் பாப்பம். பொறுத்தார் பூமி ஆள்வார்.”

“எனக்குப் பூமி வேண்டாம். ஒரு தொட்டில் வைக்க இடம் இருந்தாக் காணும்.”

அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். கெட்டவர் என்றால் சண்டை பிடித்திருப்பேன். நல்லவர், அதுதான் என் கோபம்.

அந்த மாதம் தலைச்சுற்றுக்கு டாக்டரிடம் போனபோது, ஒரு படிவம் தந்தார்கள். எத்தனை முறை கருவுற்றீர்கள் என்ற பெட்டியில், கை பழக்கத்தில் கோடு போட்டேன். நாங்கள் இன்னும் போய்ப் பார்க்கவே இல்லையே.

இலையுதிர்காலத்தில் ஆய்வாளர் எங்கள் பிரிவில் எல்லோரையும் ஆற்றங்கரைக்கு அழைத்துப்போனார். தெற்கே போகும் வாத்துகள் நீர் முழுக்க இறங்கியிருந்தன. அந்த வருடத்துக் குஞ்சுகள் சாம்பல் நிறமாக இருக்கும் என்றார். தொலைநோக்கியில் தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. மூக்கைச் சிந்துவதுபோல் அழுது முடித்தேன். குளிர் என்று நினைத்திருப்பார்கள்.

மறுவருடம் பனி நேரத்தோடு உருகியது. ஏடுகளில் நான்கு, ஐந்து என்று எண்கள் வந்தன. கடைசித் தங்கை வர இன்னும் மூன்று வருடம் ஆயிற்று. விமான நிலையத்தில் அவளைக் கட்டிக்கொண்டு கணவர் குழந்தைபோல் அழுதார். நானும் மனதார மகிழ்ந்தேன், அது பொய்யில்லை. அதன் பின் இரண்டு வருடம் மருந்து, விரதம், பரிசோதனை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

கடைசியாகப் போன ஆஸ்பத்திரியிலும் அதே கேள்வியோடு படிவம் நீட்டினார்கள். கணவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்துப் பூச்சியம் போட்டேன். வீடு வரும்வரை அவர் அடுத்த வருடம் என்று சொல்லவேயில்லை.