எந்த ஊட்டுப் பல்லி?

நேற்று அலுவலக வீடியோ கூட்டத்தில் மேலாளர் பேசிக்கொண்டிருந்தபோது என் அறைச் சுவரில் பல்லி கத்தியது. கை தானாக மேசையைத் தட்டிவிட்டது. நான் ஏதோ ஆட்சேபம் சொல்லப் போகிறேன் என்று அவர் பேச்சை நிறுத்திவிட்டார். பல்லிக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதையை அவருக்கு எப்படி விளக்குவது?

வடகரப்பதியில் எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் குலதெய்வத்திடம் உத்தரவு கேட்க வேண்டும். கோயில் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். அம்மன் முன்னால் எல்லோரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்போம். பல்லி சொன்னால் சம்மதம். சொல்லாவிட்டால், மாப்பிள்ளை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவ்வளவுதான். தூக்குப்போசியிலிருந்து புளிசாதம் மணக்கும். அந்த அமைதியில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அம்மா தொடையில் கிள்ளுவாள்.

கொரோனாவில் சோதனைச்சாவடியை அடைத்திருந்த நேரத்தில்தான் அக்காவுக்கு முதலமடை மாந்தோப்பு வரன் வந்தது. அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பாவோ உத்தரவில்லாமல் வெற்றிலை மாற்ற மாட்டார். வீடியோ காலில் கேட்பது என்று முடிவாயிற்று. பூசாரி தன் போனைக் குத்துவிளக்கில் சாய்த்து வைத்தார். கோயில் காற்று போனுக்குள் புகுந்து இரைந்தது. அப்பாதான் அவரை மியூட்டில் போடச் சொன்னார்.

காத்திருந்தோம். பல்லி கத்தியது. அப்பா போனுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அங்கே பூசாரியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விழுந்தவர் தரையில் கிடந்தபடியே தலையைத் தூக்கினார்.

"அவரு மியூட்லயல்ல இருந்தாரு?"

அப்படியானால் கத்தியது எங்கள் வீட்டுப் பல்லி. மியூட்டில் போட்டால் கோயில் பல்லி எப்படிக் கேட்கும் என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான், நான் கம்ப்யூட்டர் படித்தவன். அக்கா அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் பூசாரி மியூட்டை எடுத்தார்.

"ஏனுங்ண்ணா, சத்தம் அம்மன் முன்னாலதானுங்க கேட்டுச்சு. எந்தச் செவுத்துல இருந்து வந்துச்சுன்னு அவளே கேக்கலை, நீங்க எதுக்குங்க கேக்கறீங்க?"

அப்பா எழுந்து உட்கார்ந்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அம்மாவிடம் வெற்றிலைத் தட்டை எடுக்கச் சொன்னார்.

அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எல்லை எப்போதோ திறந்துவிட்டது. ஆனால் காதுகுத்தானாலும் கிணறு வெட்டானாலும் அப்பா போனைத்தான் எடுக்கிறார். போன தையில் நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். உள்ளே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். ஒரு பல்லி ஒண்ட இடுக்கு இல்லை. பூசாரியிடம் கேட்டேன்.

"இப்ப யாருங் தம்பி நேர்ல வாராங்க? அவங்கவங்க ஊட்டுப் பல்லியே சொல்லிருதுங்க."

அம்மன் முன்னால் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பே வரவில்லை. வந்தாலும், கிள்ளுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.