தம்புசாமியின் சட்டைப் பை

மலேசியாவில் ஜெஞ்சாரோம் பக்கம் எந்தக் கோழிப்பண்ணையில் தீவனம் கொட்டிவைக்கும் சைலோ அடைத்துக்கொண்டாலும் கிள்ளானிலிருந்து தம்புசாமிதான் வர வேண்டும். வந்தவர் முதலில் சைலோவைப் பார்க்க மாட்டார். சுவிட்சுப் பெட்டியைத் திறந்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகுதான் அடிவாயைக் கழற்றி, தீவனத்தைத் தள்ளும் நீண்ட திருகுக்குள் கையை விடுவார். யாராவது தெரியாமல் சுவிட்சைத் தட்டினாலும் திருகு சுற்றாது. அந்தத் தொழிலில் பத்து விரலும் மிஞ்சியவர்கள் அதிகமில்லை. அவருக்கு மிஞ்சியிருந்தன.

எண்பத்தாறில் ஒரு மழைக்காலக் காலை. தனலெட்சுமியின் பண்ணையில் ஈரத்தில் தீவனம் கட்டிதட்டித் திருகு நின்றுபோனது. தம்புசாமி கட்டியை உடைத்தார், தேய்ந்த பேரிங்கை மாற்றினார், திருகைக் கையால் சுற்றிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. வானம் இருட்டிக்கொண்டு வரவே, மோட்டாரை ஓட்டிப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்.

மாடி வீட்டில் குளித்து, உடை மாற்றி, கீழே அய்யூப்பின் சாப்பாட்டுக் கடைக்கு வந்தார். அய்யூப் டெலிபோனை நீட்டினார்.

"ஜெஞ்சாரோம் அக்கா, அண்ணே. குரல் சரியில்லே லா."

"என்னாண்ணே ரிப்பேர் பண்ணீங்க?" என்றார் தனலெட்சுமி. "சுவிட்சைப் போட்டா சத்தமே இல்லே. கோழிங்க பசியில ஒன்னை ஒன்னு கொத்துது!"

தம்புசாமியின் கை சட்டைப் பைக்குப் போனது. இது வேறு சட்டை.

"பியூஸ் எங்கிட்ட இருக்கும்மா."

"அப்ப கோழிங்களை அங்க அனுப்பவா? இல்லே, கம்பியை வச்சு முறுக்கிடவா?"

"ஐயோ, தொட்றாதீங்க! ஷாக் அடிக்கும், மோட்டாரும் போயிரும். இதோ வரேன்."

"சாப்பாடு?" என்றார் அய்யூப்.

"முதல்ல கோழிங்க சாப்பிடட்டும்."

மாடியில் மனைவி சட்டையைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். வாளிக்குள் கைவிட்டுக் கட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு மழையிலேயே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். கையைக் காக்கும் பழக்கம்தான் காலை வாரிவிட்டது. கை தானாகச் செய்வதை மனம் பார்ப்பதில்லை. நல்ல பழக்கத்துக்கும் அந்தக் குறை உண்டு.

பண்ணையில் பியூஸைப் பொருத்தினார். திருகு முனகியது, பிறகு சீராக ஓடியது. தீவனம் தட்டுகளில் விழ விழக் கொட்டகையின் கூச்சல் அடங்கியது.

"இனிமே பியூஸ் எங்கிட்ட இருக்கட்டும்," என்றார் தனலெட்சுமி.

"அது மட்டும் முடியாதும்மா. கை உள்ள இருக்கிற வரைக்கும் அது என் பையிலதான்."

தனலெட்சுமி சற்று யோசித்தார். கோழி அவருடையது, விரல் தம்புசாமியுடையது.

"சரி, உங்க பையிலேயே இருக்கட்டும். ஆனா அடுத்த தடவை வந்ததும் மோட்டார் சைக்கிள் சாவியை எங்கிட்ட குடுத்துருங்க. மோட்டார் ஓடினாத்தான் சாவி."

தம்புசாமி சிரித்துவிட்டார். அதன்பிறகு எந்தப் பண்ணைக்குப் போனாலும், கேட்பதற்கு முன்பே சாவியைத் தாமே நீட்டிவிடுவார்.