மடித்து வைத்த இலை

இந்த நாட்டில் ரப்பர்க் காட்டுக்குள் காக்கையைப் பார்ப்பது அரிது. ஊரிலிருந்து கிளம்பும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. பெடாஸ் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்த எனக்கு, முதல் அமாவாசையன்றே அது உறைத்தது. அப்பாவுக்குப் படைத்த சோற்றை எடுக்க யாரும் வரவில்லை. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்து வாசலில் வைத்தால் கோழியும் நாயும் கலைத்துவிடும். அதனால் வீட்டுக்குப் பின்னால் முள்வேலியின் அடியில் கையை நுழைத்து, வெளியே ஒரு கல்லின்மேல் இலையை வைக்கத் தொடங்கினேன். மறுநாள் சோறு இருக்காது. எங்கிருந்தோ காக்கை வருகிறது என்று நம்பிக்கொண்டேன்.

அது 1951. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக் கூடாதென்று லயங்களை வேலிக்குள் அடைத்திருந்த காலம். பால் வெட்டப் போகும் பெண்களின் தூக்குச்சட்டியைக்கூட வாசலில் திறந்து பார்ப்பார்கள். ஊரில் கதவைச் சாத்தாமல் தூங்கியவன் நான். இங்கே யார் யாரோடு நின்று பேசுகிறார்கள் என்று கவனிக்கச் சீக்கிரமே பழகிவிட்டேன். ஆனாலும் அந்தச் சட்டம் உயிரோடிருப்பவர்களின் சோற்றுக்குத்தான் என்று எண்ணியிருந்தேன். இறந்தவர்களின் சோறும் அதில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் இலை மடிந்திருந்தது. காற்று புரட்டியதல்ல, கல்யாணப் பந்தியில் வயிறு நிறைந்தவன் தன் பக்கம் இழுத்து மூடுவானே, அந்த மடிப்பு. திறந்த ஓரம் காட்டைப் பார்த்திருந்தது; சாப்பிட்டவன் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறான். வேலையாட்களுக்கு மேஸ்திரியான பக்கத்து வீட்டு மண்டோர் வீராசாமி பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவருடைய தம்பி தொழிற்சங்கத்தில் இருந்தவர். சங்கத்தைத் தடைசெய்த பிறகு ஆளைக் காணவில்லை.

“என்ன வாத்தியாரே, காக்கா வந்துச்சா?”

“வந்திருக்கும் போல.”

“நல்ல காக்கா லா. இலைய மடிச்சு வச்சிட்டுப் போவுது.”

அவர் சிரிக்கவில்லை. எச்சரித்தாரா, வேவு பார்த்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆவணி அமாவாசை கழிந்ததும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். யார் சொல்லியிருப்பார்கள் என்று வழியெல்லாம் ஒவ்வொரு முகமாக நினைத்துக்கொண்டே போனேன். வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி கேட்டதை ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தமிழில் சொன்னார்.

“செத்தவருக்கு எதுக்கு மாசாமாசம் சோறுன்னு தொரை கேக்குறாரு.”

“அவர் தன் அப்பாவைப் பட்டினி போட்டுவிட்டாரா என்று கேளுங்கள்.”

“அதெல்லாம் நான் கேக்க முடியாது வாத்தியாரே. பேசாம இருங்க.”

அதிகாரி கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“அடுத்த அமாவாசைக்கும் அதே கல்லுல வைக்கணுமாம். மத்தத அவங்க பாத்துக்குவாங்களாம்.”

அடுத்தது மகாளய அமாவாசை. இலையை வைத்தால், பசித்து வருகிறவன் அதன் முன்னால் சுடப்படுவான். இங்கே இருந்துகொண்டு வைக்க மறுத்தால், தெரிந்தே அவனுக்குச் சோறு போட்டவன் என்று என்னைப் பிடிப்பார்கள். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வேலையை விட்டேன். ஒப்பந்தத்தில் பாதிகூட முடியவில்லை.

பெட்டி கட்டும்போது வீராசாமி வந்தார்.

“மாளயத்துக்குப் படையல் உண்டா வாத்தியாரே?”

கல்லருகே போலீஸ் காத்திருக்கும் என்ற உண்மையைச் சொன்னால் அது காட்டுக்குப் போகுமா, ஆபீசுக்குப் போகுமா? தெரியவில்லை. இரண்டு இடத்துக்கும் பொருந்துவதாக ஒன்றைச் சொன்னேன்.

“நான் இருக்கமாட்டேன். அந்தக் கல்லில் இனி ஒன்றும் இருக்காது.”

“அப்ப சரி லா,” என்றார். பெட்டியைத் தானே தூக்கி லாரியில் ஏற்றினார்.

இப்போது சிரம்பானில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் வேலை. ஊருக்கு வந்துவிடு, அப்பாவுக்கு இங்கே நாங்கள் படைக்கிறோம் என்று அண்ணன் எழுதுகிறார். நானும் இங்கே படைக்காமல் இருப்பதில்லை. கடைக் கூரையில் காக்கைகளுக்குக் குறைவில்லை. சுவரில் வைத்த கணமே வந்து கொத்துகின்றன. அவை பறந்த பிறகும் நான் உள்ளே போவதில்லை. மடிக்க ஆளில்லாமல் விரிந்தே கிடக்கும் அந்த இலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.