ஒரே பக்கத்தில் இரண்டு அழகுமுத்து

கோட்டை ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில், கொழும்பின் நட்டநடுவே இருந்த ஹோட்டல் அது. மொத்தம் ஒன்பதே அறைகள். ஆறாம் அறைக் கட்டிலில் உட்கார அழகுமுத்துவுக்கு மனம் வரவில்லை. மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு. அவரோ ரயில் கரியோடு வந்து இறங்கியவர். நோர்வூட் தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலைக் கொழுந்து அரைக்கிற மெஷினோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவர்.

மறுநாள் பத்து மணிக்குப் பிரஜாவுரிமை விசாரணை. அவர், மனைவி நாகலெட்சுமி, மூன்று பிள்ளைகள் ஆகிய ஐந்து பேரும் இந்த நாட்டுக்காரர்கள்தானா என்று ஓர் அதிகாரி தீர்மானிப்பார். "ஸ்டேசன் பெஞ்சில படுத்து எந்திரிச்சு, கசங்கின சட்டையோட போய் நிக்காதீங்க" என்று சொல்லி, நோர்வூட் கடைக்கார ஹமீத்தான் தம் மருமகன் பைஸருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். ஹோட்டல் வாசலில் பதிவுக் கொப்பியோடு உட்கார்ந்திருப்பவர் அந்தப் பைஸர்.

அழகுமுத்து குழாயைத் திருகினார், மூடினார். ஜன்னலைத் திறந்தார். மேலே ஓடிய கம்பியில் பொறி பறக்க டிராலி பஸ் ஒன்று போனது. இவ்வளவு பெரிய ஊரா என்று நினைத்தவருக்கு, ஊர் என்றதும் கீழே தாம் சொன்ன பதில் ஞாபகம் வந்தது.

கீழே பைஸர் கேட்டிருந்தார், "சொந்த ஊரு?" என்று. இவரும் யோசிக்காமல் "முசிறிப் பக்கம் தும்பலம்" என்று சொல்லிவிட்டார். அதையே எழுதியும் ஆயிற்று.

தும்பலத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. அவருடைய அப்பாவே கைக்குழந்தையாக அங்கிருந்து வந்தவர். ஆனாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டாலும், திருவிழாவில் புது ஆள் யாராவது கேட்டாலும் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். நோர்வூட் என்பது தோட்டம். ஊர் என்றால் அது கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே ஊர் வைத்திருக்கிறவனுக்கு இங்கே எதற்குப் பிரஜாவுரிமை என்று கேட்டுத் தள்ளப்பட்ட மனுக்களின் கதை நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வரை எல்லாருக்கும் தெரியும்.

படியில் தடதடவென்று இறங்கினார்.

"தம்பி, அந்தக் கொப்பியில ஒண்ணு மாத்தணும்."

"என்னண்ணே, பேரு தப்பா?"

"ஊரு தப்பு."

பைஸர் சிரித்துவிட்டார். "சொந்த ஊரையே தப்பாச் சொன்ன ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். மாமா ஒங்களப் பத்தி ரொம்பத் தெளிவான மனுசன்னு எழுதியிருக்காரே!"

"சிரிக்காதீங்க தம்பி. இத யார் யாரு பாப்பாங்க?"

"வாரத்துக்கு ஒருக்கா பொலிஸ்ல வந்து பாப்பாங்க."

"போச்சு! நாளைக்கு எனக்குப் பிரஜாவுரிமை விசாரணை."

பைஸரின் சிரிப்பு நின்றது. "எங்க வாப்பாவும் மனு போட்டிருக்காரு. பொறந்தது காயல்பட்டினம். மூணு வருசமாப் பதில் இல்ல." பேனாவை உருட்டியபடியே யோசித்தார். "வெட்டித் திருத்தினா ஹோட்டல் மொதலாளி என்னைய வெட்டிருவாரு. இப்பிடிச் செய்வோம். நீங்க ரூமக் காலி பண்ணிட்டதா எழுதுறேன். வெளிய கொஞ்ச நேரம் நின்னுட்டுப் புதுசா வாங்க."

அழகுமுத்து பையும் கையுமாக நடைபாதையில் நின்றார். போகிற வருகிறவர்கள் எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு புது ஆளாக உள்ளே போனார்.

"ஊரு?"

"நோர்வூட்! நோர்வூட் தோட்டம், அஞ்சாம் நம்பர் லயம், ரெண்டாவது காம்பிரா!"

"ரூம் நம்பரு வரைக்கும் இந்தக் கட்டத்துல கொள்ளாதுண்ணே."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தார். ஒரே பக்கம், ஒரே அறை, ஒரே கோணல் கையெழுத்து. மேலே தும்பலத்து அழகுமுத்து, கீழே நோர்வூட் அழகுமுத்து. முன்பு வெறும் பிழையாக இருந்தது இப்போது கள்ளவேலை மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் ஹோட்டலில் வைத்த அப்பம் அப்படியே ஆறிப் போனது. வழியெல்லாம் "நோர்வூட், நோர்வூட்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

விசாரணையில் கல்யாணமான வருடத்தைக் கேட்டார்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களைப் பார்த்தார்கள். தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோல் நகல்களைப் புரட்டினார்கள். ஊரை மட்டும் யாரும் கேட்கவில்லை. "போகலாம், கடிதம் வரும்" என்றார் மொழிபெயர்ப்பாளர். கதவுவரை போன அழகுமுத்து திரும்பினார்.

"ஐயா, எனக்கு நோர்வூட்டுங்க."

அதை மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்கவில்லை.

பதினாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் படித்துச் சொன்னார்: "தள்ளிட்டாங்க அழகுமுத்து. நாப்பத்தோராம் வருசச் செக்ரோல் இல்லையாம். அந்த வருசம் நீ இங்க இருந்ததுக்கு அத்தாட்சி இல்லையாம்." அந்தச் செக்ரோலை ஆபீஸ் அலுமாரியிலேயே கரையான் அரித்திருந்தது.

"ஹோட்டல் கொப்பியப் பத்தி ஒண்ணும் போடலைங்களா?"

"எந்த ஹோட்டல்யா?"

வீட்டில் நாகலெட்சுமி, "கரையான் தின்னதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"கரையான் இல்ல புள்ள. என் வாயி."

எத்தனை பேர் எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, மூத்தவள் பூரணியைப் பார்க்க மஸ்கெலியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தாயிற்று. பையனின் தகப்பனார் ஆண்டியப்பன் சாவகாசமாகக் கேட்டார்: "நமக்குச் சொந்த ஊரு எதுங்க?"

அழகுமுத்து காலிக் கோப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். ஆண்டியப்பன் தம் மனைவியைப் பார்த்தார். அழகுமுத்து எழுந்து வாசலுக்குப் போய், தூறல் விட்டுவிட்டதா என்று பார்க்கிறவர்போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே நாகலெட்சுமியின் குரல் கேட்டது: "முசிறிப் பக்கம், தும்பலமுங்க."